சாய்ந்தால் முறிகிற நாணல்: எகிப்துக்கு எதிரான எசேக்கியேலின் தீர்க்கதரிசனம், ஓர் எளிய விளக்கம்

மேற்காசியாவில் எங்கே குண்டு விழுந்தாலும் மறுநாள் காலை என் போனுக்கு ஒரு வரைபடம் வந்துவிடும். சிவப்பு அம்புக்குறிகள், இன்றைய நாடுகளின் கொடிகள், கீழே ஒரு வரி: "எசேக்கியேல் 30-ஐ வாசியுங்கள், அப்படியே நடக்கிறது." அனுப்புகிறவர்கள் வேதத்தை நேசிக்கிற நல்ல மனிதர்கள். என் உறவினர்களும் அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அதிகாரம் உண்மையில் யாரிடம், எந்த நெருக்கடியில், எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அந்த அம்புக்குறிகளுக்குள் காணாமல் போய்விடுகிறது.

எசேக்கியேல் புத்தகத்தின் 29 முதல் 32 வரையான நான்கு அதிகாரங்களும் ஒரே தொகுப்பு. எகிப்து என்ற பெரிய வல்லரசு, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த கூட்டாளிகள், இருவர்மேலும் வருகிற தேவனுடைய நியாயத்தீர்ப்பு: இதுதான் பொருள். வேதாகமத்தை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியவருக்கும் புரிகிற மாதிரி இதை விளக்கிப் பார்க்கிறேன்.

தீர்க்கதரிசி என்ற சொல்லே கொஞ்சம் திசைதிருப்பும்

தமிழில் "தீர்க்கதரிசி" என்றால் தொலைவில் உள்ளதைக் காண்கிறவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிர்காலத்தைக் கண்டு சொல்கிற ஒருவர்தான் மனதில் வருகிறார். கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

எபிரேய மொழியில் உள்ள சொல் "நாவி". அதன் பொருளை யாத்திராகமம் 7-ம் அதிகாரம் அழகாகக் காட்டுகிறது. மோசே பேசத் தயங்குகிறார். அப்போது கர்த்தர், உன் அண்ணன் ஆரோன் உனக்குத் தீர்க்கதரிசியாக இருப்பான் என்கிறார். ஆரோன் எதிர்காலத்தை ஒன்றும் சொல்லப் போவதில்லை. மோசே சொல்வதை எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் எடுத்துச் சொல்லப் போகிறார், அவ்வளவுதான். ஆக, நாவி என்பவர் ஒருவர் சார்பில் பேசுகிற வாய். கத்தோலிக்கர்கள் பயன்படுத்துகிற "இறைவாக்கினர்" என்ற சொல் இதற்கு இன்னும் நெருக்கமானது.

அப்படியானால் தீர்க்கதரிசனத்தில் எதிர்காலமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கையாகவோ வாக்குறுதியாகவோ, நிகழ்காலத்தில் இருக்கிறவர்களைத் திருப்புவதற்காக வருகிறது.

திட்டு நாய்க்கு, கேட்பது மகன்

ஊர் சுற்றிவிட்டு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறான் மகன். அம்மா அவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. திண்ணை ஓரம் படுத்திருக்கிற நாயைப் பார்த்து, "நாள் பூரா சுத்திட்டு இப்பதான் வீடு ஞாபகம் வந்துச்சா உனக்கு?" என்கிறாள். நாய் வாலை ஆட்டும். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருப்பவனுக்குச் சுருக்கென்று குத்தும்.

இதை நாம் ஜாடையாகப் பேசுவது என்போம். எசேக்கியேலின் எகிப்துப் பகுதியைத் திறக்கிற சாவி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

25-ம் அதிகாரத்திலிருந்து 32 வரை எசேக்கியேல் ஏழு அயல் தேசங்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறார்: அம்மோன், மோவாப், ஏதோம், பெலிஸ்தர், தீரு, சீதோன், கடைசியாக எகிப்து. அயல் தேசம் ஒன்றை நேருக்கு நேர் அழைத்துத் தீர்ப்பு சொல்கிற இந்த வகைப் பேச்சுக்கு "தேசங்களுக்கு எதிரான தீர்க்கதரிசனம்" என்று பெயர். ஏசாயா, எரேமியா, ஆமோஸ் புத்தகங்களிலும் இந்த வகை உண்டு. ஆமோஸ் இதைக் கையாண்ட விதம் மறக்க முடியாதது. தமஸ்கு, காசா, தீரு என்று அக்கம்பக்கத்து ஊர்களை வரிசையாகக் கண்டித்துக்கொண்டே வந்து, கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, கடைசியில் இஸ்ரவேல்மேல் கொண்டுவந்து முடிப்பார்.

சரி, எசேக்கியேல் பேசியபோது பார்வோன் அங்கே இருந்தானா? இல்லை. எசேக்கியேல் இருந்தது பாபிலோன் தேசத்தில், கேபார் நதி ஓரத்தில், தெலாபீப் என்ற ஊரில். கி.மு. 597-ல் யூதாவின் ராஜா யோயாக்கீனோடு எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஆசாரியர் குடும்பத்துப் பிள்ளை. அவர் பேச்சைக் கேட்டவர்கள் அவரைப் போலவே நாடு இழந்த யூதர்கள். பேசியது எபிரேய மொழியில். "பார்வோனே" என்று அவர் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், என்றைக்காவது எகிப்து வந்து நம்மை மீட்கும் என்று காத்திருந்த சொந்த ஜனங்கள்.

இதுவரை பார்த்தது இதுதான்: தீர்க்கதரிசி என்பவர் தேவனுக்காகப் பேசுகிறவர். பேச்சு எகிப்தை நோக்கி. கேட்டவர்கள் எகிப்தை நம்பியிருந்த யூதர்கள்.

எருசலேமில் அப்போது என்ன நடந்தது

பின்னணி தெரியாமல் வசனங்களுக்குள் போனால் குழம்பும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

யூதா ஒரு சிறிய நாடு. வடகிழக்கில் பாபிலோன், தென்மேற்கில் எகிப்து. இரண்டு யானைகளுக்கு நடுவில் ஒரு குடிசை. கி.மு. 605-ல் கர்கேமிஸ் என்ற இடத்தில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எகிப்தின் படையை முறியடித்தான். அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதும் பாபிலோனின் பிடிக்குள் வந்தது. 597-ல் யோயாக்கீனைக் கொண்டுபோனபின், அவன் சிறிய தகப்பனைச் சிதேக்கியா என்ற புதுப் பெயரோடு எருசலேமில் அரியணை ஏற்றியதும் நேபுகாத்நேச்சார்தான். விசுவாசமாக இருப்பேன் என்று சிதேக்கியா தேவன்பேரில் ஆணையிட்டான்.

அந்த ஆணையை அவன் காப்பாற்றவில்லை. குதிரைகளும் படையும் கேட்டு எகிப்துக்குத் தூது அனுப்பினான். எசேக்கியேல் 17-ம் அதிகாரம் இதை இரண்டு கழுகுகளின் கதையாகச் சொல்கிறது. ஒரு கழுகு நட்டுவைத்த திராட்சைச் செடி, இன்னொரு கழுகின் பக்கம் வேரைத் திருப்புகிறது. கேட்ட உடனே யாருக்கும் விளங்கிவிடும்.

நேபுகாத்நேச்சார் கி.மு. 588 சனவரி வாக்கில் எருசலேமை முற்றுகையிட்டான். அப்போது எகிப்தை ஆண்டவன் ஒப்பிரா என்கிற பார்வோன். கிரேக்க எழுத்துகளில் அவன் பெயர் அப்ரியேஸ். அவன் உண்மையாகவே படையோடு புறப்பட்டு வந்தான். பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினார்கள். எருசலேமுக்குள் எப்படிப்பட்ட ஆனந்தம் இருந்திருக்கும்! நம்பியவர்கள் கைவிடவில்லை, பார்த்தீர்களா என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி மட்டும், எகிப்தின் படை தன் ஊருக்குத் திரும்பிவிடும், பாபிலோனியர் மறுபடி வருவார்கள் என்றார். அப்படியே ஆனது. கி.மு. 587 அல்லது 586-ல் நகரம் எரிந்தது, ஆலயமும் எரிந்தது.

எசேக்கியேல் தன் பேச்சுகளுக்கு நாள் குறித்து வைப்பவர். எகிப்தைப் பற்றிய முதல் பேச்சின் தேதி நம் கணக்கில் கி.மு. 587 சனவரி. முற்றுகை தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம். எகிப்து என்ற பெயரே ஒரு நம்பிக்கையாக இருந்த நாட்கள் அவை.

நாணல் கோல்

அந்த நாட்களில் எசேக்கியேல் எகிப்துக்கு வைத்த பெயர் நாணல் கோல். நைல் நதிக்கரை முழுக்க நாணல். பார்க்க உயரமாக, நேராக, ஊன்றுகோல் மாதிரியே இருக்கும். கையால் பிடித்தால் முறியும் என்கிறார் தீர்க்கதரிசி. முறிந்து பிடித்தவனின் தோளையே கிழிக்கும்.

இந்த உவமையை அவர் புதிதாக உண்டாக்கவில்லை. நூறு வருடங்களுக்கு மேல் முன்பு, கி.மு. 701-ல், அசீரிய தளபதி ரப்சாக்கே எருசலேமின் மதில் அருகே நின்று எசேக்கியா ராஜாவின் ஆட்களைப் பார்த்து, நெரிந்த நாணல் கோலாகிய எகிப்தையா நம்புகிறீர்கள் என்று ஏளனம் செய்தான். எதிரி சொன்ன ஏளனம் உண்மையாகவே இருந்தது. அதே வார்த்தை இப்போது தேவனுடைய வாயிலிருந்து வருகிறது.

நம்மிடமும் இதே அனுபவம் பழமொழியாக இருக்கிறது: மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா? அது குதிரை அல்ல, "மண் குதிர்", அதாவது ஆற்றின் நடுவே தெரிகிற மணல் மேடு என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இங்கே பொருந்துகிறது. எகிப்திடம் சிதேக்கியா கேட்டதே குதிரைகளைத்தான்.

முதலையும் அதன் செதில்களில் ஒட்டிய மீன்களும்

இப்போது கூட்டாளிகளிடம் வருவோம். 29-ம் அதிகாரத்தில் பார்வோன் நைல் நதியில் படுத்திருக்கிற ஒரு பெரிய நீர்விலங்கு. எபிரேயச் சொல்லை முதலை என்றும் வலுசர்ப்பம் என்றும் மொழிபெயர்க்கிறார்கள். அது சொல்கிறது: இந்த நதி என்னுடையது, நானே இதை எனக்காக உண்டாக்கினேன்.

குற்றச்சாட்டு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நைல் இல்லாமல் எகிப்து இல்லை. அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். அந்த வண்டலில்தான் அந்த நாட்டின் சோறு. யாரோ கொடுத்ததைத் தானே படைத்ததாகச் சொல்வதுதான் இங்கே பாவம். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

தேவன் அதன் வாயில் தூண்டில் மாட்டி வெளியே இழுக்கிறார். அப்போது நதியின் மீன்கள் எல்லாம் அதன் செதில்களில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகின்றன. முதலையோடு ஒட்டியிருந்தால் பாதுகாப்பு என்று நினைத்த மீன்கள், முதலை கரையேறும்போது தாங்களும் கரையேறி, வறண்ட வெளியில் கிடக்கின்றன. கூட்டாளிகள்மேல் ஏன் தீர்ப்பு என்று கேட்டால், இந்தப் படம்தான் பதில். அவர்களுக்கென்று தனியாக ஒரு குற்றப்பத்திரிகை இங்கே வாசிக்கப்படவில்லை. ஒட்டிக்கொண்ட இடம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது.

30-ம் அதிகாரம் அந்த மீன்களின் பெயர்ப் பட்டியலைத் தருகிறது. போன் வரைபடங்கள் தடுமாறுவது இங்கேதான். தமிழ் வேதாகமத்தில் "எத்தியோப்பியா" என்று இருப்பது எபிரேயத்தில் கூஷ். அது எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானின் வடபகுதியில் இருந்த நாடு. இன்று எத்தியோப்பியா என்று அழைக்கப்படுகிற நாடு அல்ல. பூத் என்பது பொதுவாக லிபியாப் பக்கம். லூத் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் லீதியா என்கிறார்கள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி.

இவ்வளவு தூரத்து ஆட்கள் எகிப்தோடு ஏன் சேர்ந்து விழ வேண்டும்? அவர்கள் கூலிப்படையினர், அதாவது சம்பளத்துக்காக அந்நிய ராஜாவுக்குப் போர் செய்பவர்கள். அந்தக் காலத்து எகிப்தின் பலமே இவர்கள்தான். கி.மு. 593 வாக்கில் ஒப்பிராவுக்கு முந்தைய பார்வோனோடு தெற்கே போன கிரேக்கக் கூலிப்படையினர், அபு சிம்பெல் கோயிலில் உள்ள இரண்டாம் ராம்சேஸ் சிலையின் காலில் தங்கள் பெயர்களைக் கீறிவைத்தார்கள். இன்றைக்கும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. எசேக்கியேலின் பட்டியல், அவர் காலத்து எகிப்திய ராணுவ முகாமில் நிஜமாகவே நின்றிருந்த ஆட்களின் பட்டியல்.

அந்தப் பட்டியலில் "உடன்படிக்கை தேசத்தின் புத்திரர்" என்றும் ஒரு பெயர் வருகிறது. எகிப்தில் கூலிப்படையாகப் போய்ச் சேர்ந்த யூதர்களையே இது குறிக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அஸ்வான் அருகே எலிபெண்டைன் தீவில் யூதப் படைக்குடியிருப்பு ஒன்று கி.மு. 5-ம் நூற்றாண்டில் இருந்ததற்கு அவர்கள் எழுதிய பாப்பிரஸ் ஆவணங்களே சாட்சி. இந்த வாசிப்பு சரியென்றால், நாயைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு கணம் நேராக மகனையே பார்த்துவிட்டாள்.

சுருக்கமாக: எகிப்தின் குற்றம், கொடுக்கப்பட்டதைத் தன்னுடையது என்று சொன்னது. கூட்டாளிகளின் அழிவு, அதோடு ஒட்டிக்கொண்டதால் வந்தது. பெயர்கள் கி.மு. 6-ம் நூற்றாண்டின் பெயர்கள்.

நியாயத்தீர்ப்பு எப்படி வருகிறது

தீர்ப்பு என்றதும் வானத்திலிருந்து நெருப்பு இறங்குவதை நினைக்கிறோம். எசேக்கியேலில் அது வரலாற்றின் வழியாக வருகிறது. இன்னொரு ராஜாவின் பட்டயம், அதாவது வாள், வழியாக.

30-ம் அதிகாரம் இதைக் "கர்த்தருடைய நாள்" என்கிறது. தேவன் தம் தீர்ப்பை வெளிப்படையாக நடத்துகிற வேளை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதே அதிகாரத்தின் பின்பாதியில் ஒரு புயத்தின் படம் வருகிறது. எகிப்தியக் கோயில் சுவர்களில் பார்வோன் எப்போதும் கையை ஓங்கி எதிரியை அடிக்கிற கோலத்தில் இருப்பான். அந்தப் புயத்தை உடைத்துவிட்டேன், அதற்குக் கட்டுப்போட ஆளில்லை, இனி அது பட்டயம் பிடிக்காது என்கிறார் கர்த்தர். தேதி கி.மு. 587 ஏப்ரல். ஒப்பிராவின் படை வந்த வழியே திரும்பிவிட்ட நேரம்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பாபிலோனைக் கருவியாகப் பயன்படுத்தினார் என்றால் பாபிலோன் நல்ல நாடு, தேவனுடைய கட்சி என்று பொருளல்ல. ஏசாயா 10 அசீரியாவைத் தேவனுடைய கோபத்தின் கோல் என்கிறது; அடுத்த மூச்சிலேயே, வெட்டுகிறவனுக்கு முன்பாகக் கோடரி பெருமை பேசலாமா என்று அதே அசீரியாவைக் கேட்கிறது. அசீரியாவின் நினிவே கி.மு. 612-ல் விழுந்தது. பாபிலோனுக்கான தீர்ப்பை எரேமியா 50, 51 அதிகாரங்கள் சொல்கின்றன, கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேசிடம் அதுவும் விழுந்தது. போர்ச் செய்தி பார்த்துக்கொண்டு "தேவன் இந்த நாட்டின் பக்கம்" என்று கொடி பிடிக்கிறவர்கள் இந்த மூன்று அதிகாரங்களையும் வாசிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி

32-ம் அதிகாரம் ஒரு புலம்பல். எபிரேயத்தில் அதற்குக் கீனா என்று பெயர், செத்தவருக்காகப் பாடுவது. ஜாதிகளின், அதாவது தேசங்களின், குமாரத்திகள் இதைப் பாடுவார்கள் என்கிறது வசனம். நம் ஊரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துப் பாடுகிற ஒப்பாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தப் பாட்டை, அரண்மனையில் நலமாக வீற்றிருக்கிற ஒருவன் பெயரைச் சொல்லிப் பாடினால் எப்படி இருக்கும்? பார்வோனுக்கு எசேக்கியேல் செய்தது அதுதான்.

பாட்டுக்குப் பிறகு பார்வோன் பாதாளத்துக்கு இறங்குகிறான். அங்கே அசீரியா ஏற்கெனவே படுத்திருக்கிறது, சுற்றிலும் அதன் படைகளின் கல்லறைகள். ஏலாம், மேசேக்கு, தூபால், ஏதோம், சீதோனியர் என்று ஒவ்வொரு தேசமாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் உலகத்தை நடுங்கவைத்தவர்கள் எல்லாரும் இங்கே சத்தமில்லாமல் வரிசையாக. புத்தகம் முழுவதிலும் என்னை அதிகம் அமைதியாக்குகிற பக்கம் இது.

இதெல்லாம் நடந்ததா?

நேர்மையாகப் பேச வேண்டிய கேள்வி. சிலது நடந்தது வரலாற்றில் தெரிகிறது. கி.மு. 570-ல் ஒப்பிராவின் சொந்தப் படையே கலகம் செய்து, அமாசிஸ் என்ற தளபதியை ராஜாவாக்கியது. ஒப்பிரா அரியணை இழந்து கொல்லப்பட்டான். நேபுகாத்நேச்சார் தன் 37-ம் ஆண்டில், அதாவது கி.மு. 568 வாக்கில், எகிப்தின்மேல் படையெடுத்ததை உடைந்த ஒரு பாபிலோனியக் களிமண் பலகை சொல்கிறது. கி.மு. 525-ல் பெர்சியனான காம்பிசஸ் எகிப்தை முழுவதும் பிடித்தான்.

ஆனால் 29-ம் அதிகாரம் சொல்கிற நாற்பது வருடப் பாழ்நிலம் அப்படியே வரலாற்றுப் பதிவுகளில் இல்லை. அமாசிஸ் நாற்பது வருடங்களுக்கு மேல் ஆண்டான், அவன் காலத்தில் எகிப்து செழித்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்தஸ் எழுதுகிறார். இதை மறைத்துப் பேசுவது வேதத்துக்குச் செய்கிற மரியாதை அல்ல.

ஏனென்றால் எசேக்கியேலே மறைக்கவில்லை. தீரு பட்டணத்தை நேபுகாத்நேச்சார் சூறையாடுவான் என்று 26-ம் அதிகாரத்தில் சொன்னவர் அவர். பதின்மூன்று வருடம் நீண்டது அந்த முற்றுகை என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். கி.மு. 571-ல், புத்தகத்திலேயே கடைசித் தேதியிட்ட பேச்சில், எசேக்கியேல் வெளிப்படையாகச் சொல்கிறார்: சுமை சுமந்து ஒவ்வொரு தலையும் மொட்டையானது, ஒவ்வொரு தோளும் தேய்ந்தது, ஆனால் அவனுக்கும் அவன் படைக்கும் தீருவினால் கூலி கிடைக்கவில்லை, அதற்குப் பதில் எகிப்தைக் கூலியாகக் கொடுக்கிறேன் என்கிறார் கர்த்தர். முன்பு சொன்னது நினைத்தபடி முடியவில்லை என்ற குறிப்பை, அந்தப் புத்தகமே அழிக்காமல் பாதுகாத்து வைத்திருக்கிறது.

தீர்க்கதரிசனம் அச்சடித்த கால அட்டவணை அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சி எரேமியா 26-ல் இருக்கிறது. சீயோன், அதாவது எருசலேம், வயலைப்போல உழப்படும் என்று மீகா தீர்க்கதரிசி ஒரு காலத்தில் சொன்னார். அப்போது அது நடக்கவில்லை. நூறு வருடம் கழித்து எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூச்சலிட்டபோது, ஊரின் மூப்பர் சிலர் எழுந்து மீகாவை நினைவுபடுத்தினார்கள். எசேக்கியா ராஜா பயந்து தேவனிடம் மன்றாடினார், அதனால் அந்தத் தீங்கு வரவில்லை என்றார்கள். மீகா பொய்யர் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னது நடக்காமல் போனதுதான் அவர் பேச்சின் பலன்.

தீர்ப்புக்குப் பிறகு எகிப்து

பார்வர்டு செய்திகளில் ஒருபோதும் வராத பகுதி இது. நாற்பது வருடம் முடிந்ததும், சிதறிய எகிப்தியரைச் சேர்த்து, அவர்கள் பிறந்த பத்ரோஸ் தேசத்துக்கு, அதாவது எகிப்தின் தென்பகுதிக்கு, திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார் கர்த்தர். நாற்பது என்பது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்த வருடங்களின் எண்ணிக்கை. சிதறடிப்பது, சேர்ப்பது, சொந்த மண்ணுக்குக் கொண்டுவருவது எல்லாம் இஸ்ரவேலைப் பற்றிப் பேசும்போது வருகிற வார்த்தைகள். எதிரியான எகிப்துக்கும் அதே வார்த்தைகள், அதே அளவுகோல்.

ஆனால் திரும்பி வருகிற எகிப்து சிறிய, தாழ்ந்த ராஜ்யமாக இருக்கும், இனி மற்ற ஜாதிகளை ஆளாது. ஏன் அப்படி? பழிவாங்குவதற்கு என்று வசனம் சொல்லவில்லை. 29-ம் அதிகாரம் 16-ம் வசனம் காரணத்தை நேராகவே சொல்கிறது: இஸ்ரவேல் வீட்டார் இனி ஒருநாளும் அதன்மேல் நம்பிக்கை வைக்காதபடிக்கு.